மாபிளில் விழுந்த வளையங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ மிஸ் என்று எங்கள் கல்லுப் பட்டறையிலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் என்னை நினைத்துக் கேட்கிறார்களே என்று சந்தோசம்தான். ஆனால் எந்தக் கல்லுக்கு எந்தப் பொடி, எந்தத் தட்டை எந்த வேகத்தில் சுற்றுவது என்பதையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். அதைக் காட்டித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், போனில் படமும் இருக்கிறது. நான் சொல்லப்போவது, மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன்னால் வாயை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது.

முறைப்பாடு வந்தால் போகிற ஆள் நான். இப்போதைய வீடுகளில் குசினிக்குள் பன்ரி என்று சமையல் மேடை கட்டுகிறார்களே, அந்த மேசைக்குக் கல்லுப் பதித்தவர்கள் வீட்டுக்காரர் தருகிற பிளேன்ரீயைக் குடித்து, நல்ல பேரும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்துக் கல்லில் ஒரு அடையாளம் விழுந்ததும், முகத்தை உம்மென்று வைத்திருக்கிற வீட்டுக்காரருக்கு முன்னால் போய் நிற்பது நான். அந்த முகங்களையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று விளங்கியது. கல்லில் அடையாளம் விழுந்தால் எங்கள் ஆட்கள் முதலில் "உதை எப்பிடிப் போக்கிறது?" என்று கேட்பதில்லை. "உது ஆர் செய்தது?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது உங்கள் நாக்கு எவ்வளவு பாரமானது என்பதை மறந்துவிடாதீர்கள். நான் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் கொழும்புத்துறையில் ஒரு வீடு.

அந்த வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிள்ளைகள் வெளிநாட்டில். கணவர் காலமாகிவிட்டார். ஊர் முழுக்க அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன். குசினியைத் திருத்திக் கட்டினபோது லண்டனில் இருக்கிற மகள் ஏதோ படத்தைப் பார்த்துவிட்டு வெள்ளை மாபிள்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கறுப்புக் கிரனைற் போடுங்கோ, எங்கடை சமையலுக்கு அதுதான் தாங்கும் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. வெள்ளை மாபிள் அழகுதான், ஆனால் பழப்புளிக்கும் தேசிக்காய்ப் புளிப்புக்கும் அதற்கும் ஆகாது. கறை ஊறாமல் மேலே ஒரு பூச்சுப் பூசுகிறோம், அது மஞ்சளைத் தடுக்கும், எண்ணெயைத் தடுக்கும். புளிப்பைத் தடுக்காது. புளிப்பு பூச்சைத் தாண்டிப் போய்க் கல்லின் மினுக்கத்தையே தின்றுவிடும். அதைக் கறை என்றே சொல்ல முடியாது. அந்த இடத்தில் கல்லுக் கொஞ்சம் காணாமல் போயிருக்கும்.

எங்கள் கொம்பனி அப்போது வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுத்த பராமரிப்பு முறை எங்கிருந்து வந்ததோ தெரியாது. கல்லில் வைன் சிந்த விடாதேங்கோ, வினிகர் படவிடாதேங்கோ என்று சொல்லுவோம். கொழும்புத்துறையில் எந்தக் குசினியில் வைன் சிந்துகிறது? மீன்குழம்புக்குக் கரைத்த பழப்புளியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ரீச்சர் நாங்கள் சொன்னதை அப்படியே எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

ஒரு புதன்கிழமை காலையில் ரீச்சர் போன் எடுத்து என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உங்கடை கல்லுப் பழுதாப் போச்சு. ஒண்டில் நீங்கள் தந்த கல்லு கூடாது, இல்லாட்டி என்ரை குசினியிலை நிக்கிறவள் உதிலை அசிட் ஊத்தியிருக்கிறாள். எது எண்டு வந்து பாத்துச் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமை சமைக்க வேறை ஆளை வரச் சொல்லியிருக்கிறன். அதுக்கு முதல் எனக்குத் தெரிய வேணும்."

குசினியில் நிற்கிறவள் என்று அவர் சொன்னது செபமலரை. அதே கொழும்புத்துறையில் கடற்கரைப் பக்கத்து ஆள், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. ரீச்சர் வீட்டில் நெடுங்காலமாகச் சமைப்பவர். நண்டுக் குழம்பு வைத்தால் ஒழுங்கை முழுக்க மணக்கும் என்று நான் கல்லைப் பற்றிப் பேசப் போன நாளிலேயே கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தக் கைக்கு அன்றைக்கு இப்படி ஒரு பட்டம்.

நான் புறப்படும்போது முதலாளி கூப்பிட்டார். "மிஸ், கல்லிலை பிழை எண்டு மட்டும் வாய் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ. சமைக்கிற மனிசியிலை விழுந்தால் விழட்டும். எங்களுக்கென்ன?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அப்ப நீங்களே போய்ச் சொல்லுங்கோ. நான் போனால் கல்லிலை என்ன இருக்கோ அதைத்தான் சொல்லுவன்" என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு சொல் வரும். முதலாளி கெட்டவர் இல்லை, கொம்பனியைக் காப்பாற்றப் பார்க்கிறார், அவ்வளவுதான். ஆனால் கொம்பனியைக் காப்பாற்ற இன்னொருவருடைய சோற்றில் கைவைக்கச் சொன்னால், அது உங்கள் வேலையில் சேராது. முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். உடனே சொன்னால் சுலபம், ஒரு நாள் தள்ளிப்போட்டால் வாய் வராது.

ரீச்சர் என்னை நேரே குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்லில் இரண்டு வகையான அடையாளம் இருந்தது. அடுப்புப் பக்கம் சின்னச் சின்னப் புள்ளிகள், தெறித்த மாதிரி. மற்றப் பக்கம், கை கழுவும் தொட்டிக்கும் யன்னலுக்கும் நடுவில், வளையங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறின மாதிரி, ஓரம் பூவிதழ் போல வளைந்து வளைந்து. ஈரமாக இருக்கும்போது தெரியாது. துடைத்து உலரவைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் மங்கலாகத் தெரியும், விரலை வைத்தால் சொரசொரக்கும்.

"சூட்டுச் சட்டியைத் தூக்கி வைச்சிருக்கிறாள். இல்லாட்டி அசிட். உங்களுக்குத் தெரியுந்தானே?" என்றார் ரீச்சர்.

செபமலர் அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். தலையை நிமிர்த்தவில்லை.

"ரீச்சர், உடனே சொல்ல ஏலாது. எல்லாத்தையும் பாத்துத்தான் சொல்லுவன். எனக்கு எப்பன் நேரம் தாங்கோ" என்றேன். ரீச்சருக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சை மண்டபத்தில் நேரம் முடிந்த பிறகும் எழுதுகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு விறாந்தைக்குப் போனார்.

சூடு அப்படிச் செய்யாது என்பது எனக்கு அந்த இடத்திலேயே தெரியும். கழிவறைக்குப் பாவிக்கிற அசிட் என்றால் கல்லே பொங்கிப் பள்ளம் விழுந்திருக்கும். இது மெதுவான புளிப்பு, நீண்ட நேரம் தேங்கி நின்றது. புள்ளிகள் குழம்புப் புளி தெறித்தது, அதில் சந்தேகமில்லை. அவை செபமலருடையவை. ஆனால் வளையம்? ஒரு பழைய பேப்பரை வைத்து வளையத்தை அப்படியே பென்சிலால் கீறி எடுத்தேன். குசினியில் இருந்த சட்டி, தாச்சி, கிண்ணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்துப் பார்த்தேன். செபமலரே எடுத்து எடுத்துத் தந்தார். ஒன்றும் பொருந்தவில்லை.

"செபமலர், உந்த யன்னலடியிலை வேறை என்ன வைக்கிறவை?"

"எனக்குத் தெரியாது மிஸ்."

வெங்காயத்தை வெட்டின கத்தி வேகமாகப் போயிற்று. தெரியாதவருடைய கத்தி அப்படிப் போகாது. நான் திரும்பிப் பார்த்தேன். குசினி வாசலுக்கு நேரே எதிரில் சாமியறை. கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு பித்தளைக் குத்துவிளக்குகள், பார்த்த கண் கூசுகிற மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றன. அடித்தட்டின் ஓரம் பூவிதழ் போல வெட்டப்பட்டிருந்தது.

நான் மெதடிஸ்ற் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டில் விளக்கு மினுக்குகிற வழக்கம் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுச் சிநேகிதியோடு வியாழக்கிழமைப் பின்னேரங்களில் கிணற்றடியில் இருந்து, பழப்புளியும் சாம்பலும் போட்டு விளக்குத் தேய்த்துத் தேய்த்துக் கை சுருங்கினவள் நான். வெள்ளிக்கிழமை விடிந்தால் விளக்கு மினுங்க வேண்டும். அதற்கு வியாழன் பின்னேரமே புளி போட்டாக வேண்டும்.

குரலைத் தாழ்த்தி, "விளக்கு ஆர் மினுக்கிறது?" என்று கேட்டேன்.

செபமலர் கத்தியை வைத்தார். "ரீச்சர்தான். நான் மீன் மச்சம் தொட்ட கை மிஸ். அந்த அறை வாசலுக்கே நான் போறேல்லை." பிறகு விறாந்தைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மினுக்கிப்போட்டு ஈரம் வடியட்டும் எண்டு உதிலைதான் வைக்கிறவ. விடிய எடுத்துக்கொண்டு போவா. ஆனா நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாதேங்கோ. வேதக்காரி சாமி விளக்கிலை பழியைப் போடுறாள் எண்டு வந்திடும். பிறகு நான் இந்த ஒழுங்கையாலை நடக்கேலாது."

"அப்ப பேசாமல் வேலையை விட்டிட்டுப் போகப்போறியளோ?"

"வேலை போனால் வேறை வீடு பாப்பன். அசிட் ஊத்தினவள் எண்ட பேரோடை ஆற்றை குசினிக்கை போறது, சொல்லுங்கோ? அந்தப் பேரை மட்டும் எடுத்துவிடுங்கோ மிஸ். எப்பிடியாவது."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். எனக்கு உண்மை தெரியும். அதை எங்கே இருந்து எடுத்தேன் என்று சொல்லக்கூடாது. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஒரு மனிசியின் பேர் போகும். ரீச்சரிடம் போய் "நீங்கள்தான் செய்தது" என்றால்? அவர் கெட்டவர் இல்லை, ஆனால் அவருடைய கணக்கில் விளக்கு குசினிச் சாமான்களில் சேர்த்தியே இல்லை. அது சுத்தமான சாமான். சுத்தமானது ஒன்று அடையாளம் விழுத்தும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. நான் சொன்னால் அவருக்கு வருகிற முதல் சந்தேகம், விளக்கைப் பற்றி எனக்கு யார் சொன்னது என்பதுதான். நானும் வேதக்காரி, செபமலரும் வேதக்காரி. இரண்டு பேரும் சேர்ந்து கதை கட்டினதாக அது முடியும்.

வீட்டுக்காரர் தன் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றை நீங்கள் வாயால் சொல்லிக் கெடுக்காதீர்கள். இதைச் செய்வதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும், ஏனென்றால் அவர் பார்க்காமலே போய்விடவும் கூடும். பார்த்தும் கோபப்படக்கூடும். அப்போது நீங்கள் வாயைத் திறந்தே ஆக வேண்டும் என்றும் முடிவெடுத்துக்கொண்டு போங்கள். நான் அன்றைக்கு அப்படித்தான் முடிவெடுத்தேன். ரீச்சர் பார்க்காவிட்டால் வளையம் கீறின அந்தப் பேப்பரை விளக்கின் கீழே நானே வைப்பேன், பிறகு வருவது வரட்டும்.

விறாந்தைக்குப் போய், "ரீச்சர், நாளைக்குப் பின்னேரம் மெஷினோடை வாறன். ஒரு மூலையைத் தேய்ச்சுப் பாத்தால்தான் சரியாச் சொல்லலாம்" என்றேன்.

"நாளைக்குப் பின்னேரம் எனக்கு வேலை இருக்கே."

"நீங்கள் உங்கடை வேலையைச் செய்யுங்கோ. நான் ஒரு கரையிலை நிண்டு என்ரை வேலையைச் செய்யிறன். உங்களைக் குழப்பமாட்டன்."

வியாழக்கிழமை போனேன். அன்றைக்குக் காலையில் செபமலர் மீன் வெட்டிக் குழம்பு வைத்திருந்தார், வெள்ளிக்கிழமை சைவம் என்பதால் மத்தியானத்தோடு மச்சச் சட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. குசினியின் ஒரு மூலையில் அவருடைய சீலைப் பை கட்டி வைத்திருந்தது. அடுத்த நாள் வரத் தேவையில்லை என்று அவருக்குச் சொல்லியாயிற்று என்று அந்தப் பையைப் பார்த்ததும் விளங்கியது.

நான் முதலில் செய்தது கல்லை முழுக்கத் துடைத்து உலர்த்தினது. பிறகு யன்னல் இரண்டையும் அகலத் திறந்துவிட்டேன். பின்னேர வெயில் கல்லின் மேலே சாய்வாக விழுந்தது. வளையங்கள் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. என் சாமான்களை அடுப்புப் பக்கமாகப் பரப்பி வைத்து, யன்னலடியைக் காலியாக விட்டேன்.

ரீச்சர் முழுகி, நனைந்த தலைமயிரை முடிந்துகொண்டு, விளக்குகளோடு வந்தார். தொட்டியில் வைத்துப் பழப்புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கினார். வாய்க்குள் தேவாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. முதலாளி.

"முடிஞ்சுதோ மிஸ்?"

"இல்லை. விளக்கு மினுக்குப்படுது."

"என்னது?"

வைத்துவிட்டேன். அப்புறம் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைப் போட்டு இரைச்சலைக் கிளப்பாமல் நின்றேன்.

ரீச்சர் முதல் விளக்கைத் தண்ணீரில் அலசினார். அடித்தட்டில் இருந்து மண்ணிறப் புளித்தண்ணீர் சொட்டச் சொட்ட, எத்தனையோ வியாழக்கிழமை பழகின கை அதைத் தானாகவே யன்னலடிக்குக் கொண்டுபோய் வைத்தது. வைத்த இடம் வளையத்துக்குள். அச்சில் வார்த்த மாதிரி இதழுக்கு இதழ் பொருந்தி நின்றது.

தேவாரம் நின்றுவிட்டது.

ரீச்சர் விளக்கை மெதுவாகத் தூக்கினார். கீழே பார்த்தார். திரும்ப வைத்தார். திரும்பத் தூக்கினார். கணக்கு வாத்தியார் விடையைச் சரிபார்க்கிற மாதிரி, பக்கத்து வளையத்தில் வைத்தும் பார்த்தார். அதிலும் பொருந்தியது. வாயைத் திறக்கச் சொல்லி உள்ளுக்குள் ஒன்று என்னைப் பிடித்துத் தள்ளியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"புளியோ?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஓம் ரீச்சர். புளி வெள்ளை மாபிளுக்கு ஆகாது. அதை நாங்கள்தான் உங்களுக்கு முதலே வடிவாச் சொல்லியிருக்க வேணும். வைனைப் பற்றிச் சொன்னம், புளியைப் பற்றிச் சொல்லேல்லை."

"அடுப்படியிலை இருக்கிறது?"

"அதுவும் புளிதான்."

நான் யாருடையது என்று சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நல்லவருக்காக ஒரு பொய் சொன்னால் அவருடைய பேரில் அந்தப் பொய்யும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் எனக்கு அந்த வேலையே வரவில்லை. வாசலில் நின்ற செபமலர் சொன்னார்:

"அது என்ரை ரீச்சர். குழம்புக்குப் புளி விடேக்கை தெறிச்சது. துடைச்சனான், போகேல்லை. பயத்திலை சொல்லேல்லை."

ரீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மூலையில் கட்டியிருந்த பையைப் பார்த்தார். அந்த முகத்தில் ஓடினதையெல்லாம் என்னால் எழுத முடியாது. ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பிழை போட்டவர், தன்னுடைய பிழையைத் தானே போட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அவரில் கொஞ்சம் இருந்த கோபமும் அந்த இடத்தில் போய்விட்டது.

"உதைத் தேய்ச்சு எடுக்கலாமோ பிள்ளை?"

"எடுக்கலாம் ரீச்சர். எல்லாத்தையும் எடுக்கலாம். இனிமேல் விளக்கைக் கிணத்தடிக் கட்டிலை வையுங்கோ. குழம்புச் சட்டிக்குக் கீழை ஒரு பலகை போடுங்கோ. அவ்வளவுதான்."

"அப்ப இப்பவே தொடங்குங்கோ."

கல்லைத் துடைக்க ரீச்சர் துணியை எடுத்தார். ஒரு கையில் ஈர விளக்கு, மறு கையில் துணி. விளக்கைத் தொட்டிக்குள் வைத்திருக்கலாம். நிலத்தில் வைக்கமாட்டார்தான், ஆனால் சாமியறை நாலடி தள்ளித்தான் இருந்தது, அங்கே கொண்டுபோய் வைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

"செபமலர், இஞ்சை வா. உதைப் பிடி."

செபமலர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"காலமை மீன் வெட்டின கை ரீச்சர்."

"தெரியும். பிடி."

செபமலர் முன்னுக்கு வந்து, குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் விளக்கை வாங்கினார். புளித்தண்ணீர் அவருடைய முழங்கையால் வழிந்து சட்டையை நனைத்தது. ரீச்சர் குனிந்து கல்லைத் துடைத்தார், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினார். அது எனக்குச் சொல்கிற பேச்சு இல்லை என்று தெரிந்தது. நான் மெஷினைப் போட்டேன்.